காய்ச்சலுக்கும் பாய்ச்சலுக்கும் நடுவே யூரியா

நட்டு இருபது நாள் ஆன சம்பா வயல். காலை பதினொரு மணி வெயில். வயலில் நாலு விரற்கடை தண்ணீர் நிற்கிறது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் இடுப்பில் அன்னக்கூடையோடு இறங்கி, கை வீச்சுக்கு ஒரு பிடியாக யூரியாவைப் போட்டுக்கொண்டே போகிறார். வெள்ளைக் குருணைகள் தண்ணீரில் சடசடவென்று விழுகின்றன. அவர் எதிர் வரப்பை எட்டித் திரும்புவதற்குள் பாதி கரைந்துவிடுகிறது. கூடை காலியானதும் கையைக் கழுவிக்கொண்டு கரையேறுகிறார். நாலைந்து நாளில் பயிர் பச்சை பிடித்துவிடும், அவருக்கும் மனம் நிறைந்துவிடும்.

காவிரி டெல்டாவில் எந்த ஊரிலும் பார்க்கக்கூடிய காட்சி இது. தப்பு என்று சொல்ல இதில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் அந்த வெயிலும் அந்தத் தண்ணீரும் சேர்ந்து, அவர் வீசியதில் கணிசமான ஒரு பங்கை அடுத்த ஒரு வாரத்துக்குள் காற்றில் கலந்துவிடும். அது போவது கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் இத்தனை வருஷமாக இந்த நஷ்டம் யார் கணக்கிலும் ஏறவில்லை.

எவ்வளவு நஷ்டம் என்று முதலில் பார்த்துவிடலாம். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய இருபது கிலோ எழுநூறு கிராம். தண்ணீர் கட்டிச் செய்கிற நெல்லில், போட்ட தழைச்சத்தில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் 30 முதல் 40 சதவீதம் வரைதான். அப்படியென்றால் மூட்டைக்கு ஏழு கிலோ சுமார் பயிருக்குப் போகிறது. ஒரு பகுதி மண்ணின் மக்கோடு, அதாவது மக்கிய இலைதழையோடு, சேர்ந்து அங்கேயே தங்குகிறது. அது அடுத்த போகத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும். மிச்சம் ஊரை விட்டே போய்விடுகிறது. இதெல்லாம் ஊகம் இல்லை. அணு எடை கூடின நைட்ரஜனை அடையாளத்துக்காகச் சேர்த்த யூரியாவை வயலில் போட்டு, அது எங்கெங்கே போகிறது என்று பல நாடுகளில் துரத்திப் பார்த்துக் கண்டது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் டெல்டாவின் குறுகிய கால ரகங்களுக்குச் சொல்லும் பொதுப் பரிந்துரை, எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்கு 60 கிலோ. யூரியாவாக மாற்றினால் கிட்டத்தட்ட மூன்று மூட்டை. தஞ்சாவூர்க் கணக்கில் மூன்று மா ஒரு ஏக்கர் என்பதால், மாவுக்கு ஒரு மூட்டை. எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் இந்த மாவுக்கு ஒரு மூட்டைக் கணக்குதான் வரும். அளவில் பெரிய பிழை இல்லை. அந்த மூட்டையை எந்த நாளில், எந்த நேரத்தில், தண்ணீர் எப்படி இருக்கும்போது போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

யூரியா தண்ணீரில் விழுந்ததும் என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

யூரியா யூரியாவாகவே வேருக்குள் போவது மிகக் குறைவு. மண்ணிலும் பாசியிலும் செத்தையிலும் இருக்கிற யூரியேஸ் என்ற நொதி அதை உடைத்து அம்மோனியமாக்கும். அம்மோனியம்தான் நெல்லுக்குப் பிடித்த வடிவம். அதற்கு நேர் மின்னேற்றம் உண்டு. களிமண்ணுக்கு எதிர் மின்னேற்றம். அதனால் மண்ணுக்குள் போன அம்மோனியத்தைக் களி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆனால் உடைவது மண்ணுக்குள் நடக்காமல் மேல் தண்ணீரிலேயே நடந்தால் பிடித்து வைக்க யாரும் இல்லை. அங்கே அம்மோனியம் அம்மோனியா வாயுவாக மாறிப் பறக்கத் தயாராக நிற்கும். பறக்குமா, தங்குமா என்பதைத் தண்ணீரின் காரத்தன்மை தீர்மானிக்கிறது.

இங்கேதான் பாசி வருகிறது. இளம் பயிர், வரிசைக்கு நடுவே வெயில் நேராகத் தண்ணீரில் விழுகிறது. பாசி அந்த வெயிலில் உணவு தயாரிக்கும்போது தண்ணீரில் கரைந்திருக்கிற கரியமில வாயுவை உறிஞ்சிவிடும். கரியமில வாயு போனால் தண்ணீரின் காரத்தன்மை ஏறும். உச்சி வெயிலில் உச்சத்துக்குப் போய், ராத்திரி திரும்ப இறங்கும். நடுப்பகலில் தண்ணீர் சூடும் காரமும் கூடி, மேலே காற்றும் அடித்தால் அம்மோனியா வெளியேறுவதற்கு அதைவிட வசதியான நேரம் கிடையாது. யூரியாவே காரத்தைக் கூட்டும், பாசிக்கும் தீனியாகும். ஆக, தேங்கிய தண்ணீரில் பகலில் யூரியா வீசுவது என்பது, அது தப்பிக்கிற வழியை நாமே அகலப்படுத்திக் கொடுப்பது.

இன்னொரு வழி கீழே இருக்கிறது. தண்ணீர் நிற்கிற வயலில் மண்ணின் மேல்தோல் மட்டும், சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு, காற்றோட்டமாக இருக்கும். அதற்குக் கீழே ஆக்சிஜன் இல்லாத கருஞ்சேறு. மேல்தோலில் இருக்கிற நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டுக்கு எதிர் மின்னேற்றம். களி அதைப் பிடிக்காது. தண்ணீரோடு கீழே இறங்கும். அங்கே வேறு நுண்ணுயிர்கள் ஆக்சிஜனுக்காக அந்த நைட்ரேட்டையே உடைத்து, நைட்ரஜன் வாயுவாகவும் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாகவும் வெளியே தள்ளும். நூறு ஆண்டுக் கணக்கில் நைட்ரஸ் ஆக்சைடு கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 270 மடங்கு புவியைச் சூடேற்றுவது. மணல் கலந்த கடலோர நிலங்களில் நைட்ரேட் இன்னும் கீழே இறங்கி நிலத்தடி நீரிலும் சேரும்.

சரி, இதற்கு வயலில் என்ன செய்வது?

காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் ஊரில் ஒரு வழக்கு உண்டு. எப்போதும் தண்ணீர் தேக்கி வைக்காமல், கொஞ்சம் காயவிட்டு மறுபடி பாய்ச்சுவது. தண்ணீர் மிச்சம் பிடிக்க என்றுதான் இதைப் பலரும் நினைக்கிறார்கள். துளையிட்ட பிளாஸ்டிக் குழாயை வயலில் புதைத்து, உள்ளே தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழே பதினைந்து சென்டிமீட்டர் இறங்கியதும் பாய்ச்சச் சொல்கிறார்கள் அல்லவா, அதே முறைதான். ஆனால் யூரியாவுக்கு இதைவிட நல்ல தோழன் இல்லை. வரிசைதான் முக்கியம்: முதலில் காய்ச்சல், பிறகு உரம், உடனே பாய்ச்சல்.

தண்ணீர் வடிந்து மண் மேலே லேசாக இறுகியிருக்கும்போது யூரியாவைப் போட்டு அதன்மேல் தண்ணீர் கட்டினால், தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது யூரியாவையும் கூட்டிக்கொண்டு இறங்கும். யூரியாவுக்கு மின்னேற்றம் கிடையாது என்பதால் தண்ணீர் போகிற இடத்துக்கெல்லாம் அது போகும். வேர் இருக்கிற ஆழத்தில் போய் உடைந்தால், அங்கேயே களி அதைப் பிடித்துக்கொள்ளும். பாசிக்கும் வெயிலுக்கும் அது எட்டாது. ஏற்கெனவே நிறைந்து நிற்கிற வயலில் இது நடக்காது; உள்ளே இறங்க இடமே இல்லை.

வரிசை மாறினால் கதை தலைகீழ். உரம் போட்டுவிட்டு அப்புறம் ஒரு வாரம் காயவிட்டால், காய்ந்த மண்ணில் அம்மோனியம் மாறி நைட்ரேட் ஆகிவிடும். அதன்மேல் தண்ணீர் ஏறினதும் அதில் பெரும்பகுதி வாயுவாகிப் போகும். காய்ச்சலும் பாய்ச்சலும் செய்து பயிர் வெளுத்துவிட்டது என்று குறை சொல்கிறவர்களின் வயலில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். முறையின் மேல் பழியைப் போடுவதற்கு முன், உரம் எந்த நாளில் விழுந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

வடிக்க முடியாத பள்ளக்கால் வயல்களில், போட்ட யூரியாவை உடனே சேற்றோடு கலந்துவிடுவது அடுத்த நல்ல வழி. திருந்திய நெல் சாகுபடியில் கோனோவீடர் என்ற உருளைக் களைக்கருவியை ஓட்டுகிறவர்களுக்கு இது தானாகவே அமைகிறது. வீடரை உருட்டுவதற்குச் சற்று முன் யூரியா போட்டால் களையும் அமுங்கும், உரமும் அமுங்கும்.

இந்த ஆழப் புதைப்பை அதன் எல்லைவரை கொண்டுபோனவர்கள் வங்கதேசத்து விவசாயிகள். அங்கே யூரியாவை அழுத்தி உருண்டையாக்கி விற்கிறார்கள். ஒன்று 1.8 கிராம், கோடை நெல்லுக்கு 2.7 கிராம். நாலு நெற்குத்துக்கு நடுவில் ஒரு உருண்டை என்று ஏழு முதல் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்தால், பருவம் முழுவதுக்கும் அந்த ஒரு தடவை போதும். வீசுகிற யூரியாவில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகி, விளைச்சலும் கூடுவதை அங்கே திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். அப்படியென்றால் நாமும் செய்யலாமே என்று தோன்றும். இருபது சென்டிமீட்டர் இடைவெளி நடவில் ஏக்கருக்கு ஏறக்குறைய 25,000 உருண்டைகளைப் புதைக்க வேண்டும். நடவுக்கே ஆள் கிடைக்காமல் இயந்திரத்துக்குக் காத்திருக்கிற டெல்டாவில் இதற்கு யார் வருவார்கள்? நடவு இயந்திரத்தோடு சேர்த்து உரத்தையும் பக்கத்தில் புதைக்கிற அமைப்பு பரவலாக வாடகைக்குக் கிடைத்தால்தான் இது இங்கே நடக்கும் என்பது என் எண்ணம்.

எப்படிப் போடுவது என்பது இதுவரை. எப்போது போடுவது என்பது இதைவிடப் பெரிது.

நட்ட முதல் பத்துப் பதினைந்து நாள் பயிருக்கு வேரே பிடித்திருக்காது. அப்போது கொட்டுகிற தழைச்சத்தை எடுத்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை. தூர் கட்டத் தொடங்கியதும் பசி எடுக்கும். கதிர் உருவாகும் பருவத்தில் அது உச்சத்துக்குப் போகும். அதுமட்டுமல்ல, அந்தப் பருவத்தில் பயிர் மூடிக்கொண்டு நிற்பதால் வெயில் தண்ணீரில் விழாது, பாசி குறைவு, காற்றும் தண்ணீரைத் தொடாது. அதனால் அப்போது போட்ட உரத்தில் இழப்பு குறைவு, பயிர் எடுத்துக்கொள்கிற பங்கு அதிகம். அதே ஒரு கூடை யூரியா, நட்ட வாரத்தில் பாதி வீணாகிறது. நாற்பது நாள் கழித்துப் பெரும்பாலும் பயிருக்கே போகிறது. தழைச்சத்தை அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என்று நாலாகப் பிரிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

நாலாகப் பிரிப்பதும் ஒரு பொதுக் கணக்குத்தான். உன் வயலுக்கு இன்றைக்குப் பசிக்கிறதா என்று அது சொல்லாது. அதைச் சொல்ல ஒரு சின்ன பிளாஸ்டிக் அட்டை இருக்கிறது. இலை வண்ண அட்டை. சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள், இலை நரம்பு மாதிரியே வரிவரியாக இருக்கும். இதைப் பயன்படுத்துவதில் கொஞ்சம் நுணுக்கம் உண்டு. காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் போக வேண்டும். வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, நம் நிழல் இலைமேல் விழும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். வெயில் பட்டால் பச்சை வெளுத்துத் தெரியும். மேலிருந்து மூன்றாவதாக, முழுசாக விரிந்த இலையைப் பிடித்து, கிள்ளாமல் அட்டையின்மேல் வைத்து, நடுப்பகுதியை ஒப்பிட வேண்டும். இப்படி வயலில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்து இடம். நட்ட பதினாலாம் நாள் ஆரம்பித்து வாரம் ஒருமுறை, பூட்டை, அதாவது கதிர், வரும்வரை.

பத்தில் ஆறு இலை குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இருந்தால் பயிருக்குப் பசி. அந்த எண் பெரும்பாலான ரகங்களுக்கும் வீரிய ஒட்டு ரகங்களுக்கும் நாலு; வெள்ளைப் பொன்னிக்கு மூன்று. பசி என்றால் குறுவையில் எக்டேருக்கு 35 கிலோ தழைச்சத்து, சம்பாவில் 30 கிலோ. நம் கணக்கில் மாவுக்குப் பத்து கிலோ யூரியா, சம்பாவில் ஒன்பது கிலோ. இலை பச்சையாக இருந்தால் கூடையை எடுக்கவே வேண்டாம். மொத்தமும் பத்து நிமிஷ வேலை.

அட்டைக்கு முன்னால் நிற்கிற தடை விலை இல்லை, அது மிகவும் மலிவு. பயிர் கருகருவென்று நிற்க வேண்டும் என்ற ஆசைதான் தடை. பக்கத்து வயல் கருத்து நின்றால் நம் வயல் பச்சை நமக்கே வெளுப்பாகத் தெரிகிறது. சாலையோரத்து வயல் என்றால் இன்னும் கூடுதல். போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்ப்பார்கள். உடனே அரை மூட்டை கூட விழும். ஆனால் அட்டையில் நாலைத் தாண்டின கருமை நெல்மணியாக மாறுவதில்லை. இலை மெத்தென்று தழைத்து இலைச் சுருட்டுப்புழுவை அழைக்கும். தூர் நெருங்கிக் காற்றுப் புகாமல் போனால் அடியில் புகையான் பூச்சி குடியேறும். குலை நோயும் பாக்டீரியா இலைக்கருகலும் கூடுதல் தழைச்சத்தைத் தேடி வருகிறவை. கடைசியில் ஐப்பசி கார்த்திகை மழைக் காற்றில் பயிர் படுத்துவிடும். யூரியாவுக்குச் செலவழித்தது சில நூறு ரூபாய், அதன் பின்னால் மருந்துக்கடையில் வைத்தது சில ஆயிரம் என்று எத்தனையோ பேர் கணக்கில் நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆயிரங்களும் தழைச்சத்தின் கணக்கில்தான் சேர வேண்டும்.

வெள்ளைப் பொன்னியை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். அதற்குப் பரிந்துரை எக்டேருக்கு 75 கிலோ தழைச்சத்துதான், மற்றவற்றில் பாதி. மாவுக்கு அரை மூட்டை. மற்ற ரகத்துக்குப் போடுகிற கை அளவிலேயே பொன்னிக்கும் போட்டுவிட்டு, சாய்ந்துவிட்டது என்று வருத்தப்படுகிறோம். மாப்பிள்ளைச் சம்பா மாதிரி ஆள் உயரம் வளர்கிற பாரம்பரிய ரகங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

மணிச்சத்துக்காக, அதாவது பாஸ்பரஸுக்காக, போடுகிற டி.ஏ.பி. உரத்தில் கூடவே வருகிற தழைச்சத்தையும் நாம் கணக்கில் எடுப்பதில்லை. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் ஒன்பது கிலோ தழைச்சத்து இருக்கிறது. இருபது கிலோ யூரியாவுக்குச் சமம். அடியுரமாக ஏக்கருக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி. போட்டவர், அதே வாரத்தில் யூரியாவும் தூவுவதற்குத் தேவை ஒன்றும் இல்லை.

அப்புறம் வேம்பு. 2015-லிருந்து இந்தியாவில் விவசாயத்துக்கு விற்கிற யூரியா பெரும்பாலும் அரசு உத்தரவுப்படி வேப்பெண்ணெய் பூசினதுதான். அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகிற நைட்ரோசோமோனாஸ் என்ற பாக்டீரியாவை வேம்பில் உள்ள கசப்புப் பொருட்கள் கொஞ்ச நாள் மந்தப்படுத்தும். மானிய யூரியா வயலுக்கு வராமல் வேறு தொழில் ஆலைகளுக்குத் திருப்பிவிடப்படுவதைத் தடுப்பதும் அந்த உத்தரவின் ஒரு நோக்கம். ஆனால் இதற்குப் பல வருஷம் முன்பே நம் விவசாயிகள் யூரியாவோடு வேப்பம் புண்ணாக்கு கலந்தவர்கள். ஐந்து பங்கு யூரியா, நாலு பங்கு ஜிப்சம், ஒரு பங்கு சலித்த வேப்பம் புண்ணாக்கு. சாயங்காலம் களத்தில் கொட்டிக் கலந்து சாக்குப் போட்டு மூடி வைத்தால், காலையில் யூரியா லேசாக ஈரம் விட்டுப் புண்ணாக்குத் தூள் ஒவ்வொரு குருணையிலும் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். கசப்பு நெடி கையில் இரண்டு நாள் போகாது. இன்றைக்கும் செய்யத் தகுந்த வேலை அது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: வேம்பு மந்தப்படுத்துவது நைட்ரேட் ஆகிற வேலையைத்தான். தேங்கின தண்ணீரிலிருந்து அம்மோனியாவாகப் பறப்பதை அது தடுத்துவிடும் என்று நம்பி நடுப்பகலில் வீசினால் ஏமாற்றம்தான்.

பாட்டிலில் வந்து இலையில் தெளிக்கிற நானோ யூரியாவைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2021-ல் இஃப்கோ என்ற கூட்டுறவு உர நிறுவனம் அறிமுகப்படுத்தியபோது, அரை லிட்டர் பாட்டில் ஒன்று ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடு என்று சொல்லப்பட்டது. அந்தப் பாட்டிலில் இருந்தது நாலு சதவீதத் தழைச்சத்து, அதாவது இருபது கிராம். மூட்டையில் இருப்பது இருபது கிலோவுக்கு மேல். ஒரு டன் நெல் விளைய, வைக்கோலோடு சேர்த்துப் பயிர் பதினைந்து முதல் இருபது கிலோ தழைச்சத்தை எடுத்தாக வேண்டும். இலை வழியாக எவ்வளவு திறமையாகப் போனாலும் இருபது கிராம் இருபது கிராம்தான். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் யூரியாவைக் குறைத்து நானோ தெளித்து வயலில் சோதித்தபோது நெல்லிலும் கோதுமையிலும் விளைச்சல் இறங்கியது. பின்னர் தழைச்சத்தைக் கூட்டி வேறு வடிவிலும் கொண்டுவந்தார்கள். கதிர் பருவத்தில் ஒரு துணைத் தெளிப்பாக யாராவது பயன்படுத்தினால் அது வேறு விஷயம். மூட்டைக்கு மாற்றாக அதை நம்பி மேலுரத்தை நிறுத்த வேண்டாம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் வயலில் நடப்பதில்லை? விவசாயிக்குத் தெரியவில்லை என்று சொல்வது சுலபம், ஆனால் நியாயம் இல்லை. பதினொரு மணி வெயிலில் வீசுகிறவருக்குக் காலை ஏழு மணிக்கு ஆள் கிடைக்கவில்லை. தண்ணீரை வடித்துவிட்டுப் போட வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் வடித்த தண்ணீர் திரும்ப எப்போது வரும் என்பதற்கு அவரிடம் உத்தரவாதம் இல்லை. கடைமடையில் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற நாட்களில், வயலில் நிற்கிற தண்ணீரைத் திறந்துவிடச் சொல்வதற்கு மனசு வேண்டும். ஆழ்குழாய்க் கிணறு வைத்திருக்கிறவரால் காய்ச்சல், உரம், பாய்ச்சல் என்ற வரிசையைக் கடைப்பிடிக்க முடியும். ஆற்றுப் பாசனத்தை மட்டும் நம்பினவர் வாய்க்கால் முறையோடு மேலுரத் தேதியைப் பொருத்திக்கொள்ள வேண்டும். அதற்குத் தண்ணீர் விடுகிற தேதி முன்கூட்டியே, நிச்சயமாகத் தெரிய வேண்டும். தண்ணீர்த் தேதியை ஊருக்கு ஊர் முன்னறிவிப்பது, யூரியாவை மிச்சப்படுத்துகிற நடவடிக்கையும்தான் என்று நான் நினைக்கிறேன்.

மூட்டையும் அப்படித்தான். சம்பா மேலுரம் எல்லாருக்கும் ஒரே பதினைந்து நாளில் தேவைப்படுகிறது. அந்தப் பதினைந்து நாளில்தான் கூட்டுறவு சொசைட்டி வாசலில் வரிசை நிற்கும், தனியார் கடையில் யூரியா வேண்டுமென்றால் கூட இன்னொரு பொருளையும் வாங்கச் சொல்வார்கள். கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் கிடைத்த அன்றைக்கே இரண்டு தவணைக்கானதைச் சேர்த்து வாங்கி, வைக்க இடமில்லாமலோ ஈரம் கோத்துவிடும் என்றோ ஒரேயடியாகப் போட்டுவிடுகிறார்கள். பயிர் கேட்கிற நாளும் மூட்டை கிடைக்கிற நாளும் பொருந்தாமல் போகிற இடத்தில் எந்த அட்டையும் உதவாது.

விலையும் தன் பங்குக்கு இழுக்கிறது. 2010-ல் மற்ற உரங்களுக்குச் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியா மட்டும் பழைய கட்டுப்பாட்டு விலையிலேயே விடப்பட்டது. இன்றைக்கு 45 கிலோ மூட்டை ஏறக்குறைய 266 ரூபாய் 50 காசு; 50 கிலோ டி.ஏ.பி. 1,350 ரூபாய். யூரியாவின் அடக்க விலை அதைப் போலப் பல மடங்கு, மீதியை அரசு கொடுக்கிறது. மலிவாக இருக்கிற ஒன்று வயலில் எப்போதும் கூடுதலாகவே விழும், பொட்டாஷ், அதாவது சாம்பல் சத்து, குறையும். சாம்பல் சத்து குறைந்த வயலில் தழைச்சத்தை எவ்வளவு கொட்டினாலும் பயிர் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடியாது என்பதால், அங்கேயும் யூரியாதான் வீணாகிறது. ஆனால் விலையை ஏற்றினால் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஏக்கருக்கு மூன்று மூட்டை போடுகிற குத்தகைக்காரர் அந்தச் சுமையைத் தாங்க மாட்டார். தண்ணீரும் மூட்டையும் நேரத்துக்குக் கிடைக்க ஏற்பாடு செய்யாமல் விலையை மட்டும் ஏற்றுவது அவரை மட்டுமே தண்டிக்கும்.

ரசாயன உரத்தையே ஒரேயடியாக விட்டுவிடலாமே என்றும் ஒரு குரல் உண்டு. இலங்கையில் 2021-ல் ரசாயன உர இறக்குமதிக்குத் திடீரென்று தடை விதித்தார்கள். சில மாதங்களில் தடையை விலக்கினாலும், அடுத்து வந்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் விழுந்து, அரிசியை வெளியிலிருந்து தருவிக்க வேண்டியதாயிற்று. இயற்கை உரம் உதவாது என்பதற்கு அது சான்று இல்லை. மண் தயாராகும் முன் உரத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று.

மண்ணைத் தயார் செய்வதற்கு நம்மிடம் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப் பயிர் இருக்கிறது. தண்ணீர் வருவதற்கு முன் கோடை மழை ஈரத்தில் ஏக்கருக்கு இருபது கிலோ விதைத்து, பூக்கிற சமயத்தில், நாற்பத்தைந்து நாள் வாக்கில் மடக்கி உழுதால், நன்றாக வளர்ந்த பயிர் ஏக்கருக்கு இருபது கிலோவுக்கு மேல் தழைச்சத்து சேர்க்கும். ஒரு மூட்டை யூரியா. கூடவே மண்ணின் மக்கு கூடி, போட்ட யூரியாவைப் பிடித்துவைக்கிற சக்தியும் கூடுகிறது. அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் சம்பா தாளுக்குள் தெளிக்கிற உளுந்தும் பயறும் இதே வேலையைக் கொஞ்சம் குறைந்த அளவில் செய்கின்றன. இந்தத் தழைச்சத்துக்கும் கணக்கு எழுதி, யூரியாவில் கழிக்க வேண்டும். பலர் தக்கைப்பூண்டும் மடக்குவார்கள், மாவுக்கு ஒரு மூட்டையும் போடுவார்கள். பிறகு புகையானுக்கு மருந்து அடிப்பார்கள்.

எவ்வளவு கழிப்பது? அதற்கு உங்கள் வயலே விடை சொல்லும், ஒரு போகம் அதைக் கேட்க வேண்டும். வயலின் ஒரு மூலையில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து, பக்கத்து உரத் தண்ணீர் புகாதபடி சுற்றிலும் சின்ன வரப்பு போடுங்கள். அதற்குள் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் வழக்கம்போல, மணிச்சத்துக்கு டி.ஏ.பி. வேண்டாம், சூப்பர் பாஸ்பேட் போடுங்கள். யூரியா மட்டும் ஒரு குருணைகூட விழக் கூடாது. அறுப்பன்று அந்தப் பாத்தியைத் தனியாக அறுத்து, அடித்து, காயவைத்து நிறுங்கள்.

எட்டரை கிலோ நெல் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு இப்படி 162 பாத்தி. ஆக மண் தானாகவே கொடுப்பது 23 மூட்டை நெல், மூட்டைக்கு 60 கிலோ கணக்கில். மற்ற வயலில் ஏக்கருக்கு 40 மூட்டை கண்டிருந்தால், தழைச்சத்து உரத்தால் வந்தது 17 மூட்டை, ஒரு டன் சுமார். கூடுதலாக வருகிற ஒரு டன் நெல்லுக்கு, ஒழுங்காகப் போட்டால், 40 முதல் 50 கிலோ தழைச்சத்து போதும். நடுவில் 45 என்று எடுத்தால் யூரியா 98 கிலோ. ஏக்கருக்கு இரண்டு மூட்டையும் ஒரு சின்ன வாளியும். அடியுரத்தில் டி.ஏ.பி. போடுகிறவர் அதிலும் இருபது கிலோ கழித்துக்கொள்ளலாம்.

பாத்திக்கு இடம் குறிக்க நல்ல நாள் நடவுக்கு முந்தின நாள், வரப்போரம் அண்டை வெட்டும்போது.